சிறு விமானமும் பெரும் பொறுப்பும்

ஒருவர் தமக்கெனச் சொந்தமாக ஓர் ஆகாயவிமானம் வைத்திருக்கின்றார் என்று கேள்வியுற்றால், நம்மவர் உள்ளத்தே மூன்று எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். ‘பெருஞ் செல்வர் போலும்’ என்பது முதலாவது. ‘உயிரை வெறுத்தவர் போலும்’ என்பது இரண்டாவது. ‘இதனால் உலகுக்கு யாது பயன்?’ என்பது மூன்றாவது. இவை இயல்பாக எழும் எண்ணங்களே. ஆயினும் ஆராயாது அவற்றை ஏற்றுக்கொள்ளுதல் கற்றோர்க்கு அழகன்று. பொழுதுபோக்குக்காகச் சிறு விமானம் ஒன்றை வைத்துப் பேணித் தாமே அதனைச் செலுத்துதல், மனிதனுக்குப் பொறுப்புணர்ச்சியைப் பயிற்றும் அரியதொரு கல்வி என்பது என் கருத்து. விமானத்தை வாங்குதலில் அக்கல்வி இல்லை, பேணுதலிலேயே உண்டு. இவ்விரண்டற்குமுள்ள வேறுபாட்டை நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தற்கு இவ்விழா மலர் ஏற்ற இடமென எண்ணி இதனை எழுதலானேன்.

தமிழாசிரியனுக்கு விமானத்தைப்பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவலாம். என் தலைமுறையினர்க்கு விமானம் வெறும் இயந்திரமாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்திலே எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் பிள்ளைகளாயிருந்தோர், வானில் இரைச்சல் கேட்டவுடன் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழியை நோக்கி ஓடப் பழகியவர்கள். வேறொரு விமானம் நம் உறவினரையும் நண்பரையும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் ஏற்றிச் சென்றது. ஆகவே அழிக்க வந்த விமானம், பிரிக்க வந்த விமானம் என்னும் இரண்டையே நாம் அறிந்தோம். ஒருவன் தன் கையாற் பேணி, எவரையும் அழிக்காது எவரையும் பிரிக்காது, வானிற் சிறிது நேரம் உலாவி மாலையில் வீடு திரும்புதற்குரிய மூன்றாவது விமானம் ஒன்று உலகில் உண்டென்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. 2019 ஒக்டோபரிற் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் இப்போது பாடசாலைக்குச் செல்லத் தொடங்கியுள்ளனர். அவர்கள் அச்சமின்றி வானத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். அவ்வாறு பார்க்கும் கண்களுக்கு நாம் எதனைக் காட்டப்போகின்றோம் என்பதே என் கவலை.

நம் இலக்கியங்கள் இருவகை விமானங்களைக் காட்டுகின்றன. ஒன்று இராமகாதையில் வரும் புட்பக விமானம். அது குபேரனுக்குரியது, இராவணன் அதனை அவனிடமிருந்து கவர்ந்துகொண்டான். அதனைச் செய்தவனும் இராவணன் அல்லன். செலுத்தும் முறையைக் கற்றவனும் அல்லன். நினைந்த அளவில் நினைந்த இடத்துக்குச் செல்வது அது. மற்றையது, திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி. கட்டியங்காரன் சூழ்ச்சியினால் ஏமாங்கத நாட்டரசன் சச்சந்தனுக்குக் கேடு சூழ்ந்தபோது, கருவுற்றிருந்த அரசி விசயை அப்பொறியில் ஏறித் தப்பிச் சென்று சுடுகாட்டில் இறங்கிச் சீவகனை ஈன்றாள். அப்பொறி கைவல்ல கம்மியனாற் செய்யப்பட்டது. அரசி அதனைச் செலுத்துதற்கு முன்னரே பயின்றிருந்தாள். புட்பகம் கவர்ந்தவனைக் கடைசிவரை காக்கவில்லை. மயிற்பொறி பயின்றவளைக் காத்தது. சொந்த விமானத்தைப்பற்றி நான் கூறவிருப்பன யாவும் இவ்விரு கதைகளுள் அடங்கும்.

இனி வரலாற்றை நோக்குவோம். 1903 டிசெம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவிலே முதன்முதலாக இயந்திர விமானத்திற் பறந்து காட்டிய ரைட் சகோதரர் துவிச்சக்கர வண்டி செய்து விற்றவர்கள். அன்றைய முதற் பறப்பு 12 செக்கன் நேரமே நிகழ்ந்தது. கடந்த தூரம் 120 அடி மாத்திரமே. சில ஆண்டுகளின் பின், பாரிசு நகரில் வாழ்ந்த பிரேசில் நாட்டவராகிய அல்பேட்டோ சந்தோசு துமோன், மூங்கிலையும் துணியையும் கொண்டு ‘தெமோசெல்’ என்னும் மிகச் சிறிய விமானம் ஒன்றைக் கட்டினார். அதன் அமைப்பைத் தமக்கே உரிமையாக்கிக் கொள்ளாது, விரும்பியவர் எவரும் கட்டிக்கொள்ளலாமென விட்டுவிட்டார். தனி மனிதன் தன் இன்பத்துக்காக வைத்துக்கொள்ளும் விமானத்துக்கு அது முன்னோடியாயிற்று. பின்னாளில் விமானம் போர்க்கருவியாக மாறியமை கண்டு அவர் மனம் வருந்தினார். விமானத்தைப் போரிற் பயன்படுத்தலாகாதெனத் தடைவிதிக்குமாறு 1926இற் சர்வதேச சங்கத்தை வேண்டினார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. அது நிறைவேறாமையின் விலையைக் கொடுத்த ஊர்களுள் நம் ஊரும் ஒன்று.

பொதுமக்களுட் பலருக்குச் சிறு விமானம் கைக்கெட்டும் பொருளானது 1925ஆம் ஆண்டின் பின்னரேயாம். அவ்வாண்டு பெப்ரவரியில் இங்கிலாந்திலே ஜெப்ரி டி ஹவிலண்ட் என்பவர் வடிவமைத்த ‘மொத்’ விமானம் முதன்முறை பறந்தது. மொத் என்பது விட்டில். பூச்சியினங்களில் ஈடுபாடு மிக்கவராதலின் அவர் அப்பெயரை இட்டார். மரத்தாலும் துணியாலும் ஆன இருவர் அமரும் விமானம் அது. அதன் சிறகுகளைப் பின்னோக்கி மடித்துவிட்டால், மோட்டார்க் காரின் பின்னே கட்டி இழுத்துச் சென்று சாதாரணக் கொட்டகையில் நிறுத்திவிடலாம். பிரித்தானிய அரசாங்கம் ஐந்து பறப்புக் கழகங்களுக்குப் பொருளுதவி அளித்து அவ்விமானங்களில் மக்களைப் பயிற்றச் செய்தது. அதனாற் கணக்கரும் கடைக்காரரும் எழுதுவினைஞரும் வார இறுதியிற் பறக்கக் கற்றனர்.

அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் எமி ஜோன்சன். அவர் ஹல் நகரத்து மீன் வணிகர் ஒருவரின் மகள். இலண்டனிற் சட்டத்தரணிகளின் அலுவலகம் ஒன்றிற் பணிபுரிந்தவர். 1930 மே 5ஆம் நாள், பழைய மொத் விமானம் ஒன்றில் இலண்டனை அடுத்த குறொய்டனிலிருந்து தனியே புறப்பட்டு, மே 24ஆம் நாள் அவுத்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். ஏறத்தாழ 11,000 மைல். அதற்குமுன் அவர் ஒருமுறையிற் பறந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து தம் சொந்த ஊர்வரையிலானதே. உலகம் அவர் துணிவைப் புகழ்ந்தது. புகழப்படவேண்டிய பிறிதொன்றும் உண்டு. அவர் விமானம் செலுத்தக் கற்றதோடு அமையாது, கொட்டகையில் எண்ணெய்க் கறை படிந்த உடுப்புடன் நின்று இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும் கற்றார். விமானம் பழுதுபார்க்கும் பொறியியலாளர்க்குரிய தகுதிப் பத்திரத்தையும் பெற்றார். பிரித்தானியாவில் அத்தகுதியைப் பெற்ற முதற் பெண் அவரே. வழியிலே இரங்கூனுக்கு அருகில் விமானம் பள்ளத்துள் இறங்கிச் சேதமுற்றபோது, அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்தோர் உதவியுடன் அதனைச் செப்பனிட்டு மேலே சென்றார். தம் விமானத்தின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்திராவிடின் அப்பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. இன்பத்துக்காகப் பறந்தவர்களைப் பல அரசாங்கங்கள் பின்னர்ப் போருக்கு அழைத்துக்கொண்டன. முதலாம் உலகப் போரிற் தோற்ற ஜேர்மனியின் விமானத் தொழிலை வேர்சேய் உடன்படிக்கை கட்டுப்படுத்தியபோது, அந்நாட்டு இளைஞர்கள் 1920 முதல் வசர்க்குப்பே மலையில் இயந்திரமற்ற மிதப்பு விமானங்களைக் கட்டிப் பறந்தனர். தொடக்கத்தில் அது களங்கமற்ற விளையாட்டு. 1933இன் பின் ஆட்சியாளர் அக்கழகங்களைத் தம்வசப்படுத்தி, விமானப்படைக்கு ஆட்சேர்க்கும் களமாக்கினர். பிரித்தானியாவும் அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போர் நெருங்கிய வேளையில் அரசாங்கச் செலவிற் குடிமக்களுக்கு விமானப் பயிற்சி அளித்தன. அமெரிக்கப் பயிற்சியிற் பெரிதும் பயன்பட்டது ‘பைப்பர் கப்’ என்னும் மஞ்சள் நிறச் சிறு விமானம். விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பட்டது எதுவும் போர்க்களத்துக்குப் போகமாட்டாதென எவரும் உறுதி கூற இயலாது. ஆகவே பறக்கக் கற்பிப்போர் பறத்தலை மாத்திரம் கற்பித்தல் போதாது. எதற்காகப் பறக்கின்றோம் என்பதையும் கற்பித்தல் வேண்டும். நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். சிறு விமானம் செல்வர்க்கே உரியதா? அதற்குச் செலவு அதிகம் என்பது மெய்யே. விமானத்தின் விலையோடு செலவு முடிவதில்லை. கொட்டகை வாடகை, காப்புறுதி, எரிபொருள், ஆண்டுதோறும் உறுப்பு உறுப்பாகத் திறந்து பார்க்கும் பரிசோதனை ஆகியவை தொடர்ந்து வரும். பல சிறு விமானங்களின் இயந்திரத்தை ஏறத்தாழ 2,000 மணித்தியாலம் ஓடியபின் முற்றாகக் கழற்றிப் புதுக்குமாறு அதனைச் செய்தோரே விதித்துள்ளனர். ஆகையால் அறிவுடைய உரிமையாளர், பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு தொகையை அதற்கென ஒதுக்கி வைப்பர். இச்செலவைத் தாங்குதற்காகவே நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு விமானத்தைப் பங்காக வைத்துக்கொள்ளும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றியுள்ளது. பங்காளர் ஒவ்வொருவரும் விமானத்தைத் தாம் பெற்ற நிலையினுஞ் சிறந்த நிலையில் அடுத்தவர்க்குக் கையளித்தல் வேண்டும். கூட்டுக் காணியிற் பங்குக் கிணறு வைத்திருந்த நம் முன்னோர்க்கு இந்நியதி புதிதன்று.

செல்வமில்லாதவர்க்கு மற்றொரு வழியும் உண்டு. அது தாமே கட்டிக்கொள்ளுதல். 1953இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலே போல் பொபரெஸ்னி என்பவரும் அவர் நண்பர்களும், வீட்டில் விமானம் கட்டுவோர்க்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். இன்று அச்சங்கம் ஆண்டுதோறும் ஓஷ்கோஷ் நகரில் நடத்தும் விழாவுக்கு ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் வந்திறங்குகின்றன. ஓய்வு நேரத்திலே கராச்சினுள் ஐந்தாண்டு, பத்தாண்டு என உழைத்து விமானம் கட்டி முடித்த ஆசிரியர்களும் தொழிலாளர்களும் அவற்றுட் சிலவற்றைச் செலுத்தி வருகின்றனர். அந்நாட்டுச் சட்டம் இத்தகைய விமானத்துக்கு ஓர் அழகான நிபந்தனையை விதித்துள்ளது. விமானத்தின் பெரும்பகுதியைப் பொழுதுபோக்காளரே செய்திருத்தல் வேண்டும். அவ்வேலையைத் தமது கல்விக்காகவோ இன்பத்துக்காகவோ மாத்திரம் மேற்கொண்டிருத்தலும் வேண்டும். கல்வியையும் இன்பத்தையும் சட்டமே அருகருகே வைத்திருப்பதை நம் கல்வியாளர் கவனித்தல் நன்று. கட்டியவர் தகுதிப் பத்திரம் பெற்று, தாம் கட்டிய விமானத்தின் ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்யலாம் என்றும் அச்சட்டம் இடமளிக்கின்றது. செய்தவனே அறிவான் என்னும் நம்பிக்கை அதன் அடிப்படை.

‘யாது பயன்?’ என்னும் மூன்றாவது எண்ணத்துக்கும் இங்கேயே விடை கிடைக்கின்றது. உரிமையாளர் ஒருவர் பறப்பதற்குமுன் செய்வனவற்றைச் சற்று உற்று நோக்குவோம். விமானத்தைச் சுற்றி அவர் ஒருமுறை வலம் வருவார். சிறகின் அசையும் பகுதிகளையும் வாலின் அசையும் பகுதிகளையும் கையால் அசைத்து, ஆணிகளும் பிணைப்புகளும் உறுதியாயுள்ளனவா என்று பார்ப்பார். பெற்றோற் தாங்கியின் அடியிலுள்ள சிறு திறப்பின் வழியே கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார். நீர் பெற்றோலினும் பாரமாதலின் அடியிற் தங்கும்; அந்நீர் ஒரு துளி சேர்ந்தாலும் வானில் இயந்திரம் நின்றுவிடக்கூடும். வழக்கமான விமானப் பெற்றோலுக்கு நீல நிறம் ஊட்டப்பட்டிருக்கும். நிறம் மாறியிருந்தால் தவறான எரிபொருள் கலந்துள்ளதென அறியலாம். அளவுகாட்டி எதனைக் காட்டினும், தாங்கியின் மூடியைத் திறந்து பெற்றோல் எவ்வளவு உள்ளதென்று கண்ணாற் காண்பார். எண்ணெயின் அளவைக் கோல் விட்டுப் பார்ப்பார். இத்தகைய இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றில் ஒவ்வோர் உருளைக்கும் தீப்பொறி பிறப்பிக்கும் பிளக்குகள் இரண்டு. அவற்றுக்கு மின்னூட்டும் மக்னீற்றோக்களும் இரண்டு. ஒன்று கைவிட்டால் மற்றையது காப்பதற்காகவே இவ்வேற்பாடு. ஆயினும் மேலெழுமுன் அவர் ஒவ்வொன்றாக நிறுத்தி, இரண்டும் செவ்வனே இயங்குகின்றனவா என்று சோதிப்பார்.

இவை யாவற்றையும் நினைவில் நம்பிச் செய்வதில்லை. ஆயிரம் முறை பறந்தவரும் எழுதி வைத்த பட்டியலைக் கையிற் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தே செய்வர். செய்த பழுதுவேலை யாவும், செய்தவரின் கையொப்பத்துடன், விமானத்துக்குரிய பதிவேட்டில் எழுதப்படும். 1956இல் விற்பனைக்கு வந்த ‘செஸ்னா 172’ என்னும் நால்வர் விமானம் இதுவரை 44,000க்கு மேல் செய்யப்பட்டுள்ளது. வேறெந்த விமானமும் அத்தொகையில் செய்யப்படவில்லை. அவற்றுள் ஐம்பதாண்டு கடந்தவை பல இன்றும் நலமே பறப்பதற்குக் காரணம் இத்தகைய பேணுதலும் பதிவுமேயாம். ஐந்தாண்டு கடந்த பாடசாலைத் தளபாடங்களின் நிலையை அறிந்த ஆசிரியர்கள் இதனை வாசித்துப் பெருமூச்செறிவார்கள். யாரும் பாராத இடத்தில், யாரும் கேளாத வேளையில், தானாகவே முறைப்படி செய்யும் பழக்கத்தை ஒரு பொழுதுபோக்கு ஒருவனுக்குத் தருமாயின் அதனைப் பயனற்றதென்று எவ்வாறு கூறலாம்?

அபாயத்தைப்பற்றிய இரண்டாவது எண்ணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிறு விமானத்திற் பறத்தல், பெரும் நிறுவனங்களின் பயணிகள் விமானத்திற் செல்வதினும் அபாயம் மிக்கதே. அவ்வபாயம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை இரு நிகழ்ச்சிகள் உணர்த்தும்.

முதலாவது, பிரான்சு நாட்டவரான ஹென்றி மின்யேயின் ‘ஆகாயத் தெள்ளு’. விமானவியலை முறையாகக் கற்றிராத அவர், பல ஆண்டுகள் தாமே முயன்று, 1933இல் மிகச் சிறிய விமானம் ஒன்றைப் பறக்கச் செய்தார். அதனைக் கட்டும் முறையை அடுத்த ஆண்டில் நூலாக வெளியிட்டார். பெட்டி அடிக்கத் தெரிந்தவரும் விமானம் கட்டலாம் என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவிற்று. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பெருந்தொகையானோர் கட்டத் தொடங்கினர். 1935இல் மின்யே தாமே அதிற் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்றார். ஆனால் விபத்துகளும் உயிரிழப்புகளும் தொடர்ந்தன. 1936இல் இரு நாடுகளிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது காரணம் புலனாயிற்று. முன்சிறகும் பின்சிறகும் மிக நெருங்கி அமைந்திருந்தமையால், மூக்குக் குத்தி இறங்கும் நிலையில் விமானி மேலெழுப்ப முயலும்போது அம்முயற்சியே விமானத்தை மேலுங் கீழ்நோக்கித் தள்ளியது. கட்டியவர்களின் ஆர்வத்திற் குறையில்லை, நேர்மையிலும் குறையில்லை. ஆர்வத்தைச் சோதனை முந்தவில்லை, அதுவே குறை.

இரண்டாவது, 1999 ஜூலை 16ஆம் நாள் நிகழ்ந்தது. அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்த ஜோன் கென்னடியின் மகன், தமது சொந்த விமானத்தைத் தாமே செலுத்தி மனைவியுடனும் அவர் தமக்கையுடனும் சென்றபோது, இரவில் மங்கலான வானிலையிற் கடலில் வீழ்ந்து மூவரும் மாண்டனர். விமானம் பழுதுற்றதாக அறியப்படவில்லை. அடிவானம் தெரியாத இருளில் மேல் எது, கீழ் எது என்னும் உணர்வு தடுமாறியதால் விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணையின் முடிவு. கருவிகளை மாத்திரம் நம்பிப் பறப்பதற்குரிய தகுதியை அவர் அப்போது இன்னும் பெற்று முடிக்கவில்லை. நம் காதினுள்ளேயுள்ள சமநிலை உறுப்பு தரையில் நடப்பவனுக்கென அமைந்தது. மேகத்துள் அது பொய் கூறும். அப்பொய்யை நம்பாதிருக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சியைப் பணங் கொடுத்துத் தொடங்கலாம். பணங் கொடுத்து முடித்துவிட முடியாது. புறப்படவேண்டிய நாளில் வானம் சரியில்லையெனின், ‘இன்று போகமாட்டேன்’ என்று கூறுதலே சொந்த விமானம் வைத்திருப்பவனுக்கு வேண்டிய முதல் வீரம். அவனை அனுப்பவும் தடுக்கவும் மேலதிகாரி இல்லை. அவனே அதிகாரி.

இவ்விடத்திற் சட்டம் எவ்வளவு தலையிடல் வேண்டும் என்னும் வினா எழுகின்றது. இதற்கு அமெரிக்கர் 1982இல் ஒரு விடை கண்டனர். ஒருவர் மாத்திரம் அமர்வதும், வெறுமெடை 254 இறாத்தலுக்குக் குறைந்ததும், 5 கலன் பெற்றோலுக்கு மேற் கொள்ளாததும், இயந்திர வலுவில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 63 மைல் வேகத்துக்கு மேற் செல்லாததுமாகிய மிக இலேசான பறப்புக் கருவிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. அதனைச் செலுத்துபவர்க்கும் வேண்டியதில்லை. ஆனால் அதனை விளையாட்டுக்கும் இன்பத்துக்கும் அன்றிப் பிறிதொன்றுக்கும் பயன்படுத்தலாகாது; இரவிற் பறக்கலாகாது; மக்கள் நெருங்கி வாழும் இடங்களின்மேற் பறக்கலாகாது. உன் உயிருக்கு நீயே பொறுப்பு. பிறர் உயிரோடு விளையாட உனக்கு உரிமையில்லை என்பதே இவ்விதிகளின் சாரம். எடை கூடக் கூட, ஆட்கள் கூடக் கூட, விதியும் கூடுகின்றது. சுதந்திரத்தைப் பொறுப்போடு நிறுத்து அளக்கும் இத்தராசு விமானத்துக்கு மாத்திரமன்றி வாழ்வின் பிற துறைகளுக்கும் பொருந்துவது. மாணவர்க்கு எல்லாவற்றையும் தடுக்கும் பள்ளியும், எல்லாவற்றையும் விட்டுவிடும் பள்ளியும் இதிலிருந்து கற்கவேண்டியது உண்டு.

நேர்மையான கண்டனம் வேறொன்றும் உளது. மோட்டார்க் கார்களுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்பது 2021ஆம் ஆண்டோடு உலகெங்கும் நின்றுவிட்டது. சிறு விமானங்களுட் பெரும்பாலானவையோ இன்னும் ஈயம் கலந்த பெற்றோலையே எரிக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வதென்பது ஐயத்துக்கு இடமற்றது. அமெரிக்கர் 2030ஆம் ஆண்டு முடிவுக்குள் அதனை ஒழிக்க இலக்கு வகுத்துள்ளனர். சுலோவேனியா நாட்டிற் செய்யப்பட்ட மின்சாரச் சிறு விமானம் ஒன்று 2020இல் ஐரோப்பாவில் முழுத் தகுதிச் சான்று பெற்று, பயிற்சிக்குப் பயன்படத் தொடங்கியுள்ளது. மின்கலம் பாரமாதலின் அது நெடுநேரம் பறக்க மாட்டாது. எவ்வாறாயினும் தன் இன்பத்துக்காகப் பறப்பவன், தான் பறக்கும் வானத்தின் கீழே பிறர் மூச்செடுக்கின்றனர் என்பதை மறத்தலாகாது. இவ்விடயத்தில் விமான உரிமையாளர் இத்துணைக் காலம் தாமதித்தமை கண்டிக்கத்தக்கதே.

நம் நாட்டுக்கும் சிறு விமானத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததன்று. 1935 நவெம்பர் 27ஆம் நாள் இரத்மலானையில் முதலில் வந்திறங்கியது, சென்னைப் பறப்புக் கழகத்துப் பயிற்றுநர் ஒருவர் செலுத்திய ‘புஸ் மொத்’ என்னும் சிறு விமானமே. அண்மைக்காலத்தவருள் நினைக்கத்தக்கவர் கலாநிதி ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜிற் பொறியியல் பயின்ற அவர், இலேசான விமானங்களைத் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே ஏறிச் சோதித்தவர். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டியில் இலங்கையின் சார்பிற் பாய்க்கப்பல் ஓட்டியவர். பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராய் விளங்கியவர். இளமையில் இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றை உருவாக்கி உலகிற் புகழ்பெற்ற அவரே, வெப்பமண்டல மண்ணை இயந்திரத்தால் ஆழ உழுதல் கேடென்று பின்னர்த் தம் அனுபவத்தாற் தெளிந்து, அதனை வெளிப்படையாக எடுத்துரைத்து, உழாது பயிரிடும் முறைகளைப் பரப்பினார். தான் கட்டிய விமானத்தில் தானே ஏறுபவனுக்குத் தன் வேலையைத் தானே ஐயுறும் பழக்கம் கட்டாயம் வேண்டும். அப்பழக்கம் அவரிடம் உழவுத் துறையிலும் வேலை செய்ததென்றே நான் கருதுகின்றேன்.

இதனை வாசிக்கும் பழைய மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்க விரும்புகின்றேன். விழாக் காலங்களில் நன்கொடைகள் குவிகின்றன. வளைவும் மண்டபமும் வர்ணப்பூச்சும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவற்றோடு ஒரு பட்டறையும் வேண்டும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குச் சென்றவர்கள், நம் இளைஞர் கட்டும் பட்டங்களின் திறனை அறிவார்கள். முச்சையைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கட்டினால், பட்டம் காற்றை ஏற்கும் சாய்வு மாறி, எழும் அல்லது குத்தும் என்பது நம் ஊர்ச் சிறுவர்க்குக் கைவந்த அறிவு. விமானச் சிறகின் அடிப்படையும் அதுவே. ரைட் சகோதரர் தம் எண்ணத்தை 1899இல் முதலிற் சோதித்தது ஒரு பட்டத்திலேதான். அவுத்திரேலியாவில் ஹார்கிறேவ் 1893இல் அமைத்த பெட்டிப்பட்டமே முற்கால விமானங்கள் பலவற்றுக்கு வடிவந் தந்தது. அவ்வாறிருக்க, நம் மாணவன் விளக்கத்தைப் புத்தகத்தில் மனனஞ் செய்து, பட்டத்தைப் பள்ளிக்கு வெளியே விட்டுவிட்டு வருவது ஏன்?

பட்டறையில் மூங்கிலும் கடதாசியும் பசையும் தராசும் இருக்கட்டும். மாணவர் மாதிரி விமானங்களைக் கட்டட்டும், நிறுக்கட்டும், எறிந்து பார்க்கட்டும், விழுந்ததைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு மீண்டும் கட்டட்டும். பெருஞ்செலவு வேண்டியதில்லை; கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மாணவரோடு நிற்கும் ஆள் வேண்டும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவருள் விமானம் செலுத்தத் தெரிந்தவர் எவரேனும் இருப்பின், ஊருக்கு வரும்போது ஒருநாள் அப்பட்டறைக்கு வருவாராக. தம் விமானத்தின் விலையை அவர் சொல்லவேண்டியதில்லை. பெற்றோலைக் குவளையில் வடித்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பது எப்படியென்று காட்டினாற் போதும்.

அங்கே பயின்ற மாணவருட் பெரும்பாலானோர் ஒருகாலும் விமானம் வைத்திருக்கப்போவதில்லை. ஆயினும் அவர்கள் மருந்து கொடுப்பர், கட்டடம் கட்டுவர், பேருந்து ஓட்டுவர், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுவர். அவ்வேலைகளையும் மேலெழுமுன் ஒருமுறை சுற்றிப் பார்க்கும் கண்ணோடு செய்வாராயின், அது நம் கல்லூரிக்குப் போதிய புகழாகும்.